உரிமை இல்லாத தண்ணீர்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்ற இரண்டு ஊர்களின் ஏரிகளையும் இணைத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். 380 கோடி ரூபாய் செலவில் முடிந்து 2020 நவம்பரில் அது திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி, அதாவது அரை டி.எம்.சி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகியவற்றுக்குப் பிறகு சென்னையின் குடிநீருக்கு வந்து சேர்ந்த ஐந்தாவது நீர்த்தேக்கம் இது. மழைக்காலத்தில் சுற்றுப்புறத்து நீரும் இதில் வந்து விழும். ஆனால் இவ்வளவு செலவு செய்து இதைக் கட்டியதற்கு முதன்மையான காரணம் வடக்கிலிருந்து வரும் கிருஷ்ணா நீர். அந்த நீர் மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வர் மலையில் பிறந்து, கர்நாடகத்தைக் கடந்து, ஸ்ரீசைலம் அணையில் தேங்கி, வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு என்று நீர்த்தேக்கம் நீர்த்தேக்கமாக இறங்கி, கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஜீரோ பாயிண்ட் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து பூண்டி இன்னும் 25 கிலோமீட்டர். ஒரு மாநிலம் தன் ஆற்றுநீரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது பொறியியலுக்கு உள்ளே அடங்கும் கேள்வி இல்லை. இரண்டு மனிதர்களுக்கு இடையே இருப்பதைப் போன்ற நட்பு, எல்லைக்கோடு ஒன்றின் இருபுறமும் இருக்கும் இரண்டு சமூகங்களுக்கு இடையே இருக்க முடியுமா? அல்லது அங்கே ஒப்பந்தமும் கணக்கும் மட்டும்தான் உண்டா? இந்தத் தத்துவக் கேள்விக்கு நூல்களில் தேடும் விடையைவிடத் தெளிவான விடை இந்தக் கால்வாயில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் ஒரு சாண் நிலம்கூடக் கிருஷ்ணா ஆற்றின் வடிநிலத்தில் இல்லை. கிருஷ்ணா நீரைப் பங்கிட்ட பச்சாவத் தீர்ப்பாயத்தின் முன் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் வழக்காடின. பங்கும் அந்த மூன்று மாநிலங்களுக்கே கிடைத்தது. கேட்கும் தகுதிகூட இல்லாத வெளியாராகவே தமிழ்நாடு இருந்தது. ஆயினும் 1976இல் அந்த மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. எடுத்துச் சென்னையின் குடிநீருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன. மொத்தம் 15, வழியில் இழப்பாகும் 3 போக எல்லையில் 12 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். சென்னையின் பழைய நான்கு ஏரிகளும் சேர்ந்து விளிம்பு வரை நிறைந்தாலும் 11 டி.எம்.சி.க்குச் சற்றுத்தான் கூடும் என்பதை நினைத்தால் இந்த வாக்குறுதியின் அளவு புரியும். 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதலமைச்சர்களாக இருந்தபோது இரு மாநிலங்களும் செயல்திட்ட ஒப்பந்தம் செய்தன. முதல் நீர் எல்லையைத் தொட 1996 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. காவிரிக்காக நாம் தலைமுறை தலைமுறையாக வழக்காடிவரும் கர்நாடகம், கிருஷ்ணாவில் தனக்குத் தீர்ப்பாகிவிட்ட நீரிலிருந்து நமக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்திருக்கிறது. நம்மோடு எல்லையே இல்லாத மகாராஷ்டிரமும் அதே அளவு கொடுத்திருக்கிறது. நாம் வழக்குப் போட்டு வாங்கிய நீர் இல்லை இது.

அரசுகளுக்கு நட்பு உண்டா என்ற கேள்வியைத் தமிழ் மரபு புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களை, நட்பு முதல் கூடாநட்பு வரை, அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். அரசனுக்கு இருக்க வேண்டிய ஆறு உறுப்புகளைப் பொருட்பாலின் தொடக்கத்தில் எண்ணும்போது படைக்கும் அரணுக்கும் நிகராக நட்பையும் எண்ணினார். அரசியலின் உறுப்பாக நட்பைக் கண்டவர், அந்த அதிகாரங்களுக்குள் போனதும் பேசுவதெல்லாம் தேர்ந்து பழகுவது, துன்பத்தில் உடனிருப்பது, பழமை பாராட்டிப் பிழை பொறுப்பது, உள்ளொன்று வைத்துப் பழகுவோரை விலக்குவது போன்ற மனித குணங்களை. அரசனின் நட்புக்கு ஒரு இலக்கணம், குடியானவனின் நட்புக்கு வேறொரு இலக்கணம் என்று அவர் பிரிக்கவில்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதில் தயங்கினார். சட்டம் இயற்றுவோர் நீதியைவிட நட்பைப் பெரிதாகப் பேணுகிறார்கள் என்று சொன்னவர், ஒரு நகரத்துக்கும் இன்னொரு நகரத்துக்கும் இடையே உள்ள உறவைப் பயன் கருதிய நட்பு என்ற கீழ்ப்படியிலேயே நிறுத்தினார். பயன் தீர்ந்ததும் கலையும் வகை அது. இன்று அரசியல் பேசும் பலரும், அவரைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்: அரசுகளுக்கு நண்பர் இல்லை, நலன்கள் மட்டுமே உண்டு என்கிறார்கள்.

தமிழில் நட்புக்கு உரையாசிரியர்கள் முதலில் எடுத்துக்காட்டும் இணை, எல்லையைக் கடந்த இணை என்பது இங்கே முக்கியமாகப் படுகிறது. பிசிராந்தையார் பாண்டிய நாட்டுக் குடிமகன். கோப்பெருஞ்சோழன் உறையூர் மன்னன். தெற்கே இருந்த புலவர், குமரித் துறையிலிருந்து வடக்கே பறக்கும் அன்னத்திடம், போகும் வழியில் உறையூரில் இறங்கித் தன் பெயரைச் சொல் என்று கேட்டதைப் புறநானூறு வைத்திருக்கிறது. வேற்று நாட்டு வேந்தனைத் தன் வேந்தன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத் தடை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. இருவரும் பார்த்ததில்லை, பேசியதில்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது தன் அருகே அவருக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். வருவார் என்று எண்ணியவனுக்கு ஆதாரம் ஏதும் கையில் இல்லை. வராவிட்டால் கேட்கவும் வழியில்லை. அந்த நம்பிக்கையும் அதைக் காத்த செயலும்தான் அங்கே நட்பு. அன்பு என்ற உணர்ச்சி இருந்திருக்கலாம், இருந்திருக்கும்; ஆனால் நமக்குச் சான்றாகக் கிடைப்பது செயல் ஒன்றே. இதிலிருந்து என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். கேட்க உரிமையில்லாதவருக்கு, கட்டாயப்படுத்த வலிமையில்லாதவருக்கு ஒருவர் கொடுப்பதும், கொடுத்ததற்குத் தகுந்தவராகப் பெற்றவர் நடந்துகொள்வதும், இது ஒரு முறையோடு நின்றுவிடாமல் தொடர்வதும் நட்பு. இப்படிப் புரிந்துகொண்டால் அதற்கு இதயம் தேவை என்ற தடை விலகுகிறது. மாநிலத்துக்கு இதயம் இல்லை. ஆனால் கொடுக்கவும் பெறவும் தொடரவும் மாநிலத்தால் முடியும்.

இந்த இரு அண்டை வீட்டாரும் பிரிந்த விதத்தை நினைத்தால் 1983இன் கையெழுத்து எளிதில் வந்ததாகத் தோன்றாது. 1952 டிசம்பரில் தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில்தான் உயிர்நீத்தார். சென்னை தங்களுக்கு வேண்டும் என்று தெலுங்கர் கேட்டார்கள். விடமாட்டோம் என்று ம.பொ.சி. உள்ளிட்டோர் போராடினார்கள். 1953 அக்டோபரில் ஆந்திரம் சென்னை இல்லாமல் பிறந்து கர்னூலில் தலைநகர் அமைத்தது. எல்லைச் சிக்கல் அதோடு ஓயவில்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேட்டுப் பகுதி அந்தப் பக்கம் போனது. தேர்வாய் கண்டிகைக்கு வடக்கே இன்று நாம் காணும் எல்லை அப்போது தீர்ந்த எல்லை. சென்னையை இழந்த வருத்தம் ஆறுவதற்கு முப்பது ஆண்டு என்பது நீண்ட காலம் இல்லை. தெலுங்கரின் தன்மானத்தை முன்வைத்து 1982இல் கட்சி தொடங்கி, 1983 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த என்.டி.ஆர்., மூன்றே மாதங்களில் அந்தச் சென்னைக்கு நீர் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நீர் புறப்படும் ஸ்ரீசைலம் அன்று அதே கர்னூல் மாவட்டத்தில் இருந்தது. நமக்கு அந்த மலை அந்நியமும் இல்லை. தேவாரத்தில் திருப்பருப்பதம் என்று பாடல் பெற்ற தலம் அது. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே அதைப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. மொழி மாறும் எல்லைக்கு அப்பாலும் பக்தி சென்ற வழி ஒன்று முன்பே இருந்தது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு வலுவானது. 1976இல் நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. கொடுத்த மூன்று மாநிலங்களிலும் காங்கிரஸ் ஆட்சி. தில்லியில் இந்திரா காந்தி சொன்னதை மூவரும் செய்தார்கள். இதில் நட்பு எங்கே வந்தது? மேலும் ஆந்திரம் வெறுங்கையோடு கொடுக்கவில்லை. இந்த நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்கள் ராயலசீமையிலும் நெல்லூரிலும் ஐந்தே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும்படி வகுக்கப்பட்டவை. தமிழ்நாடும் செலவில் பங்கு ஏற்றது. நம் தாகத்தைக் காட்டி அவர்கள் தங்கள் வறண்ட சீமைக்கு நீர் கொண்டுபோனார்கள் என்று சொல்வதற்கு இடம் இருக்கிறது. இந்த உண்மைகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை நட்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்கின்றன. தொடங்கியது எதனால் நீடித்தது என்பதைச் சொல்லவில்லை. இந்திரா காந்தி 1984இல் மறைந்தார். நெருக்கடி நிலை அதற்கும் முன்பே முடிந்தது. அதன்பின் மத்தியிலும் இரு மாநிலங்களிலும் எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின. ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகள் இருபுறமும் ஆண்டன. 2014இல் ஆந்திரமே இரண்டாகப் பிரிந்து, கிருஷ்ணா நீருக்காக அவர்களுக்குள்ளேயே கடும் சண்டை மூண்டது. அப்போதும் சென்னைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கைகழுவாமல், இந்தக் கடப்பாட்டை ஏற்றுக்கொண்டுதான் மீதியைப் பற்றி வாதாடினார்கள். பயனுக்காக மட்டும் செய்த ஏற்பாடு என்றால், ராயலசீமைக் கால்வாய்கள் வெட்டி முடிந்த அன்றே அவர்களுடைய பயன் கைக்கு வந்துவிட்டது. அதற்கு அப்பாலும் எல்லை வரை நீர் வருவதற்குப் பயன் என்ற சொல் போதாது. ஆதாயத்தில் தொடங்கிய பழக்கம் நட்பாக முதிர்வது மனிதரிடையே அன்றாடம் நடப்பதுதான்; தொடக்கத்தை வைத்து முடிவைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கசப்பானது: அப்படி என்ன நீர் வந்துவிட்டது? ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி., ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டி.எம்.சி. என்று காகிதத்தில் இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த முழு அளவு வந்ததில்லை. கேட்ட மாதத்தில் வராமல் வேறு மாதத்தில் வந்ததுண்டு. கால்வாய் நெடுகிலும் ஆந்திர விவசாயிகள் மோட்டார் வைத்து எடுப்பதாக நம் பக்கத்தில் அடிக்கடி புகார் எழும். ஒரு கணம் அந்த விவசாயியின் இடத்தில் நிற்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் பயிர் கருகும்போது, தன் வயலை ஒட்டி நிறைந்த நீர் இன்னொரு மொழி பேசும் பெருநகரத்துக்கு ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையில் குழாய் இருந்தும் வைக்காமல் விடுவோர் எத்தனை பேர் என்பதை எந்த அளவுகோலும் காட்டாது. எடுத்தது மட்டும் குறைவாகக் கணக்கில் தெரியும். நண்பரிடம் குறை காண்பதற்கு முன் அவருடைய வறட்சியையும் எண்ணிப் பார்ப்பதைத்தான் வள்ளுவர் பழைமை என்ற அதிகாரத்தில் கேட்கிறார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தபோது, கண்டலேறிலும் நீர் அடிமட்டத்தில்தான் இருந்தது. அந்த ஆகஸ்டில் தமிழக அமைச்சர்கள் எஸ்.பி. வேலுமணியும் டி. ஜெயக்குமாரும் அன்றைய ஆந்திர முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டியை நேரில் பார்த்துக் கேட்டார்கள். ஸ்ரீசைலத்துக்கு வெள்ளம் வந்ததும் செப்டம்பரில் நீர் திறக்கப்பட்டது. முல்லைப்பெரியாற்றுக்காக நம்மோடு வழக்காடிவரும் கேரளமும் அதே கோடையில் 20 லட்சம் லிட்டர் தரத் தானாக முன்வந்தது. அந்த அளவு ஒரு மாநகரின் தாகத்துக்கு ஒன்றுமில்லை என்பது கொடுக்க முன்வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

சரி, நட்பு என்ற மென்மையான ஒன்றை நம்புவதைவிட உறுதியான சட்டத்தை நம்புவது மேல் இல்லையா என்று கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. எளியவனுக்குச் சட்டம்தான் கவசம் என்பதை நான் குறைக்கவே மாட்டேன். காவிரியில் நமக்கு உரிமை உண்டு. தீர்ப்பாயம் 1990இல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று முடிவாகச் சொன்னது. இவ்வளவும் தேவைப்பட்டது, இவ்வளவும் நியாயம். ஆனால் 1991இலும் 2016இலும் பெங்களூரில் தமிழர் கடைகளும் பேருந்துகளும் எரிந்ததைத் தீர்ப்பு தடுக்கவில்லை. தீர்ப்பை ஒட்டியே அவை எரிந்தன. ஒவ்வொரு குறைமழை ஆண்டிலும் சட்டத்தின் எழுத்தை நிறைவேற்ற மறுபடி நீதிமன்றம் போகிறோம். சிந்து நதி உடன்பாடு உலகம் மெச்சிய ஒப்பந்தம். 1960இல் உலக வங்கி உதவியோடு எழுதப்பட்டது; 1965 போரையும் 1971 போரையும் தாங்கியது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் இந்தியா அதை நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே என் பொருள் இல்லை. அறுபத்தைந்து ஆண்டு சட்டமாக ஓடிய நீர், அந்த ஆண்டுகளில் இரு கரைகளுக்கும் இடையே நம்பிக்கை என ஒன்றை வளர்க்கவில்லை என்பதே பொருள். வடஅமெரிக்காவில் இதற்கு மறுதலை உண்டு. 1814இல் வாஷிங்டனைப் பிரிட்டிஷ் படை எரித்தது. மூன்றே ஆண்டில், 1817இல், பேரேரிகளில் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ள அமெரிக்காவும் கனடாவை ஆண்ட பிரிட்டனும் உடன்பட்டன. 1909இன் எல்லைநீர் உடன்படிக்கை ஒரு கூட்டு ஆணையத்தை அமைத்தது. மூவர் இந்தப் பக்கம், மூவர் அந்தப் பக்கம். அங்கே பெரிய நாட்டுக்குக் கூடுதல் வாக்கு கிடையாது. 1917 டிசம்பரில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இறந்தபோது, பாஸ்டனிலிருந்து அன்றிரவே நிவாரண ரயில் புறப்பட்டது. நோவா ஸ்கோஷியா இன்றும் ஆண்டுதோறும் பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் அனுப்பி நன்றி சொல்கிறது. அந்த மரத்தைக் கேட்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. இவ்வளவு பழகிய அந்த இருவரும் வணிக வரிக்காகச் சண்டை போடுவதையும் நாம் பார்த்துவிட்டோம். நட்பும் பேணாவிட்டால் நலியும்; சட்டத்துக்கும் அதே விதிதான்.

கிருஷ்ணா நீரின் கதையில் மதம் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு, அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேச முடியாது. 1996க்குப் பிறகு சில ஆண்டுகள் கால்வாய் இருந்தும் நீர் ஒழுங்காக வரவில்லை. மண் கரைகள் சரிந்தன, நீர் கசிந்து போனது. 2002 ஜனவரியில் புட்டபர்த்தி சத்திய சாயி பாபா, கண்டலேறு–பூண்டிக் கால்வாயைச் செப்பனிடும் பணியைத் தம் அறக்கட்டளை ஏற்கும் என்று அறிவித்தார். 2004இல் வேலை முடிந்து நீர் வந்தது. கால்வாய் அவர் பெயரைப் பெற்றது. 2007 ஜனவரியில் சென்னையில் நடந்த விழாவில், கடவுள் மறுப்பாளரான முதலமைச்சர் கருணாநிதி அவரோடு ஒரே மேடையில் அமர்ந்து நன்றி சொன்னார். பகுத்தறிவாளர் சிலருக்கு அது நெருடியது. எனக்கு அது அரசியலில் அரிதாகக் காணும் நேர்மையாகவே படுகிறது. கொடுத்தவரின் இறைநம்பிக்கையைப் பெற்றவர் ஏற்க வேண்டியதில்லை. கொடையை ஏற்பதும் அதை ஊரறியச் சொல்வதும் போதும். ஆயினும் அருளையும் நட்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அருள் மேலிருந்து கீழே வருவது, ஒருமுறை வந்தாலும் நிறைவானது. நட்பு சமமானவர்களுக்கு இடையே நடப்பது, ஆண்டுதோறும் வர வேண்டியது. சிமெண்ட் பூசிய கரையை ஓர் அறக்கட்டளை தரலாம். ஜூலையில் மதகைத் திறக்க வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர்தான்.

பெறுபவரின் கடமையைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். வடக்கே இருப்பவர் வாக்குக் காத்தாரா என்று ஒவ்வொரு கோடையிலும் கேட்கும் நாம், வந்த நீரை என்ன செய்தோம் என்று கேட்பதில்லை. அண்டை வீட்டார் படியளக்க வரும்போது ஓட்டைப் பானையை நீட்டக் கூடாது. நல்ல மழை ஆண்டுகளில் பூண்டி நிரம்பி, கொசஸ்தலையாற்றில் திறந்துவிட்ட நீர் எண்ணூரில் கடலில் சேர்வதைப் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஆந்திரம் நீர் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. 12 டி.எம்.சி.யில் இருபத்து நான்கில் ஒரு பங்கைத்தான் அது பிடிக்கும். ஆனால் வருவதை வாங்கி வைக்க இடம் செய்தோம் என்று வடக்கே பார்த்துச் சொல்ல அதனால் முடிகிறது. சத்தியமூர்த்தியின் முயற்சியால் எழுந்து 1944இல் முடிந்த பூண்டிக்குப் பிறகு இந்த இடத்தைச் செய்ய நமக்கு முக்கால் நூற்றாண்டு ஆனது என்பது பெருமைக்குரிய கணக்கு இல்லை. செலவில் நம் பங்கைக் காலத்தில் செலுத்துவதும், கால்வாய்ப் பராமரிப்பைப் பேரம் பேசாமல் பகிர்வதும் இதே கடமையில் சேரும்.

இரண்டு அரசுகளின் நட்புக்கு மூன்றாமவர் விலை கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். நீர்த்தேக்கத்துக்காகக் கண்ணன்கோட்டையிலும் தேர்வாய் கண்டிகையிலும் விவசாய நிலம் போனது. அதற்கு முன்பே, 2007 முதல், தேர்வாய் கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா அமைக்க அரசு முனைந்தபோது, அது தங்கள் மாடு மேய்ந்த, விறகு பொறுக்கிய பொது நிலம் என்று கிராமத்து மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், எதிர்த்துப் போராடினார்கள். பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் அங்கே ஆலை கட்டியது. 2012இல் அந்தக் கிராமச் சங்கத்தோடும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்போடும் சேர்ந்து, பிரான்சின் சி.ஜி.டி. தொழிற்சங்கமும் ஒரு கத்தோலிக்கத் தொண்டு அமைப்பும் ஒரு வழக்கறிஞர் அமைப்பும் பாரிசில் முறையீடு செய்தன. விசாரித்த பிரெஞ்சு அமைப்பு 2013இல் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கமே முடிவு சொன்னது, நிலம் திரும்பவில்லை. ஆனாலும் கடலுக்கு அப்பாலிருந்து, எந்த உரிமையும் கடப்பாடும் இல்லாமல், முன்பின் பார்த்திராத ஒரு சிற்றூருக்காகத் தம் நாட்டு நிறுவனத்தையே எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள் அந்தத் தொழிலாளர்கள். பிசிராந்தையார் வகை நட்பு நம் காலத்தில் நடந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதுவரை நாம் வடக்கே பார்த்துக் கை நீட்டுபவர்களாக இருந்தோம். ஆனால் தமிழ்நாடும் ஒருவருக்கு வடக்கு அண்டை வீடுதான். பாக் நீரிணையின் தென்கரையில் மன்னார், யாழ்ப்பாணம் மீனவர்கள் வடக்கே பார்த்தால் தெரிபவர்கள் நாம். இடையே 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த பன்னாட்டு எல்லை. அங்கே வலிமை நம் கையில் இருக்கிறது. போர்க்காலத்தில் கடல் தடைசெய்யப்பட்டிருந்த அந்த மக்கள் 2009க்குப் பிறகு சிறு படகுகளோடும் வலைகளோடும் திரும்பி வந்தபோது, இரவில் நம் விசைப்படகுகளின் இழுவைமடிகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டும் கடலடியை வாரிக்கொண்டும் போவதைக் கண்டார்கள். அவர்கள் பேசுவதும் தமிழ். நம் மீனவர்கள் பட்டதும் சிறிதில்லை. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்குப் பலர் பலியானார்கள். இன்றும் படகோடு பிடிபட்டுச் சிறையில் வாடுகிறார்கள். அந்த வன்முறையை எந்த நியாயமும் மூடாது. கரையோரம் மீன் குறைந்துபோன ராமேஸ்வரத்துக் குடும்பத்தின் கடனும் பொய்யில்லை. ஆயினும் ஊத்துக்கோட்டையில் நாம் எதிர்பார்க்கும் அளவுகோலை ராமேஸ்வரத்தில் மாற்றிக்கொள்ள முடியாது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறதா, மரபு உரிமை யாருக்கு, கச்சத்தீவு யாருடையது என்ற வாதங்கள் ஒருபுறம் நடக்கட்டும். 2010 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக்கு வந்த வட இலங்கை மீனவர்களோடு நம் விசைப்படகு மீனவர்கள் அமர்ந்து பேசி, ஓராண்டுக்குள் இழுவைமடியை விட்டுவிடுவதாகத் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். அரசுகள் எழுதித் தராத, மீனவர்களே செய்துகொண்ட உடன்பாடு அது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் பக்கம் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற மானியம் அறிவித்தார்கள், மாறியவர்கள் சிலரே. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இருக்கும் அந்தப் படகுகளின் கடனை அரசு ஏற்று, மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்து, 2010இல் கொடுத்த வாக்கை நாமாக முதலில் நிறைவேற்ற வேண்டும். தென்கரையில் இருப்பவர்களுக்கு அதை நம்மிடம் வற்புறுத்திப் பெறும் வலிமை இல்லை.